ஃபிராங்கி சக்காய்: சிங்கப்பூரில் எந்த டிஸ்க்கை வாங்குவது, எப்படிப் பார்ப்பது

2024இல் டிஸ்னி பிளஸ்ஸில் 'ஷோகன்' பார்த்தவர்களுக்கு சிற்றரசன் யாபுஷிகே மறந்திருக்காது. இன்றைக்கு ஒரு பக்கம், நாளைக்கு இன்னொரு பக்கம், நடுவில் தன் தலை தப்புமா என்ற கணக்கு. அந்த வேடத்துக்காகத் தடானொபு அசானோவுக்கு 2025 ஜனவரியில் கோல்டன் குளோப் கிடைத்தது. இதே வேடத்தை 1980இல் வந்த முதல் 'ஷோகன்' தொடரில் செய்தவர் ஃபிராங்கி சக்காய். அங்கே பாத்திரத்தின் பெயர் சுருக்கமாக யாபு. நடிக்க வருவதற்கு முன் சக்காய் ஜாஸ் டிரம்மர்.

அவரை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்கு மூன்று டிஸ்க்குகள் போதும்: 1957இல் வந்த 'பக்குமட்சு தாயோதென்', 1961இல் வந்த 'மொத்ரா', 1980இன் 'ஷோகன்'. மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை வாங்குங்கள். சிங்கப்பூரில் ஓடவைக்கக் கொஞ்சம் சிரமப்படுத்தும் டிஸ்க்கும் அதுதான். அந்தச் சிரமத்தை எப்படித் தீர்ப்பது என்பதையும் கீழே விவரமாகவே எழுதியிருக்கிறோம்.

முதலில் ஆளைப் பற்றிச் சில வரிகள். 1929 பிப்ரவரி 13இல் ககோஷிமாவில் பிறந்தவர். இயற்பெயர் மசதொஷி சக்காய். தோக்கியோவில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் படித்தார். போருக்குப் பிறகு ஜப்பானில் அமெரிக்கப் படை முகாம்கள் நிறைய இருந்தன. அந்த முகாம் கிளப்புகளுக்குத் தினமும் ஜாஸ் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. அந்தத் தலைமுறை ஜப்பானிய ஜாஸ் கலைஞர்களில் பலர் அங்கே தேறியவர்கள், சக்காயும் அப்படித்தான். தெருவோ யோதாவின் சிக்ஸ் லெமன்ஸ் குழுவில் டிரம் வாசித்துப் பெயர் வாங்கினார். 1954இல் சொந்தமாக 'ஃபிராங்கி சக்காயும் சிட்டி ஸ்லிக்கர்ஸும்' என்ற குழுவைத் தொடங்கினார். பெயரே அமெரிக்காவின் ஸ்பைக் ஜோன்ஸ் குழுவிடமிருந்து எடுத்ததுதான். பாட்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் துப்பாக்கி வெடிக்கும், மாட்டு மணி அடிக்கும், யாரோ தும்முவார்கள். எல்லாம் தாளத்துக்குள்தான். ஒரு இடம் தப்பினாலும் சிரிப்பு வராது, வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

அந்தக் குழுவில் இருந்த டிராம்போன்காரர் கெய் தானியும் கித்தார்காரர் ஹிதோஷி உவேக்கியும் பின்னால் டிரம்மர் ஹஜிமே ஹானாவின் கிரேஸி கேட்ஸ் குழுவுக்குப் போனார்கள். ஜப்பானின் தொலைக்காட்சி நகைச்சுவையையே மாற்றிய குழு அது. உவேக்கி பிறகு குரோசாவாவின் 'ரான்' படம் வரைக்கும் வந்து சேர்ந்தார். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேமரா முன்னால் நின்ற ஒரு கூட்டமே அந்தக் காலத்தில் இருந்தது. அவர்களில் சிரிப்பிலும் கண்ணீரிலும் ஒரே அளவு ஆழம் போனவர் சக்காய் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வரக்கூடியவர் ஜே.பி. சந்திரபாபு. உடம்பு முழுக்கத் தாளம், பாட்டு, சிரிப்பு, அடியில் ஒரு வலி. நாகேஷிடமும் அந்த வேகம் உண்டு. இந்த இருவரையும் ரசித்தவர்களுக்குச் சக்காயைப் பார்க்கத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம்.

'பக்குமட்சு தாயோதென்', மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா வெளியீடு

பிரிட்டனின் யுரேகா நிறுவனம் 2013இல் தன் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா வரிசையில் ஒரே பெட்டியில் ப்ளூ-ரேயும் டிவிடியுமாக வெளியிட்டது. கறுப்பு வெள்ளை, 110 நிமிடம். தயாரித்த நிக்காட்சு ஸ்டூடியோ தன் நூற்றாண்டை ஒட்டிப் படத்தை டிஜிட்டலில் சீரமைத்தது. ப்ளூ-ரேயில் இருப்பது அந்தச் சீரமைப்பின் பலன். விடுதியின் இருட்டுத் தாழ்வாரங்களில் மரத்தூண்களின் இழை வரைக்கும் தெரிகிறது. குராத்தாரோ தக்காமுராவின் ஒளிப்பதிவு தாழ்வாரங்களை நம்பியே நிற்பதால் இது சாதாரண விஷயமில்லை. டிவிடியில் அதே இடங்கள் கருமைக்குள் போய்விடும். இரண்டும் பெட்டியில் இருந்தாலும் ப்ளூ-ரேயைப் போடுங்கள்.

கதை நடக்கும் ஆண்டு 1862. இடம் ஏடோவின் (இன்றைய தோக்கியோ) எல்லையில் இருந்த ஷினாகாவா, அங்கே சகாமியா என்ற பெரிய விலைமாதர் விடுதி. சாஹெய்ஜி என்பவன் நண்பர்களோடு வந்து இரவு முழுக்கச் சாப்பிட்டு, குடித்து, ஆட்டம் பாட்டம் நடத்துகிறான். காலையில் பில் வரும்போது கையில் ஒரு காசு கிடையாது. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் காசில்லாதவன் மாவாட்ட வேண்டும் என்று நாம் சொல்வோமே, சாஹெய்ஜி அங்கேயே தங்கி மாவாட்டுகிற ஆள். ஆனால் சில நாளில் விடுதியே அவன் கையைப் பார்த்து ஓட ஆரம்பிக்கிறது. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் கல்யாண வாக்குறுதி கொடுத்த பெண்ணின் சிக்கலை அவிழ்க்கிறான். கெட்டுப்போன பைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்க்கிறான். தன் இருமலுக்குத் தானே மருந்து கலக்குகிறான். ஒவ்வொன்றுக்கும் கூலி வாங்கிக்கொள்கிறான். அதே விடுதியில் தக்காசுகி ஷின்சாக்கு என்ற இளம் சாமுராய் தன் கூட்டத்தோடு தங்கி, பிரிட்டிஷ் தூதரகக் கட்டடத்தைக் கொளுத்தத் திட்டம் போடுகிறான். அந்த வேடத்தில் அப்போதைய இளைஞர்களின் நாயகன் யூஜிரோ இஷிஹாரா. படம் அவரை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டுச் சக்காய் பின்னாலேயே போகிறது.

இந்தக் கதையின் மூலம் ராக்குகோ. மேடையில் ஒரே ஆள் மண்டியிட்டு உட்கார்ந்து, கையில் ஒரு விசிறி, ஒரு துண்டு, இவ்வளவை வைத்துக்கொண்டு எல்லாப் பாத்திரமும் தானே பேசிக் கதை சொல்லும் கலை. கதாகாலட்சேபம் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பில் கட்டாமல் தங்கிவிடும் சாஹெய்ஜியின் கதை, ஷினாகாவா தற்கொலைக் கதை, மூன்று வாக்குறுதிச் சீட்டுக் கதை எனப் பல ராக்குகோ கதைகளை ஒன்றாகப் பின்னியிருக்கிறார்கள். அதனால்தான் முதல் அரை மணி நேரத்தில் ஆட்களும் பெயர்களும் மடமடவென்று வந்து விழும். ஜப்பானியர்களுக்குத் தெரிந்த கதைகள் என்பதால் இயக்குநர் யூசோ கவஷிமா நின்று விளக்குவதில்லை. சப்டைட்டில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சிலேடைகள் பாதி போய்விடும். நான்கு பெயரை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டால் தடுமாறாது: சாஹெய்ஜி, தக்காசுகி, போட்டி போடும் இரண்டு பெண்கள் ஒசோமே, கோஹாரு. மற்றவர்கள் தானாகப் புரிவார்கள்.

இனி அந்த ஹவோரி. ஹவோரி என்பது கிமோனோவுக்கு மேல் போடும் சட்டை போன்ற மேலங்கி. வேலை ஒன்றை முடித்துவிட்டுச் சாஹெய்ஜி கிளம்புகிறான். நடந்துகொண்டே ஹவோரியைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுகிறான். துணி காற்றில் விரிந்து இறங்குகிறது. இறங்கும்போது இரண்டு கையும் இரண்டு கைப்பகுதிக்குள் போயிருக்கின்றன, தோளில் துணி உட்கார்ந்துவிட்டது, நடை நிற்கவேயில்லை. ஒரே ஷாட். டிரம் குச்சியைச் சுழற்றிப் பிடிக்கும் மணிக்கட்டு இல்லாதவர் இதைச் செய்ய முடியாது. ஆனால் வித்தைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தூக்கிப் போடுவதற்கும் அது தோளில் விழுவதற்கும் இடையில் இருக்கும் அந்த வெற்றிடத்தைக் கவனியுங்கள். சக்காய் அந்த இடைவெளியை அவசரப்பட்டு நிரப்புவதில்லை. துணி வரட்டும் என்று விட்டுவிடுகிறார்.

கர்நாடக இசை கேட்டவர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: அனாகதம். தாளம் விழுந்த பிறகு சற்றுத் தள்ளிப் பாட்டை எடுப்பது. விடுதியில் எல்லோரும் சமத்தில், அதாவது தாளம் விழும் அதே இடத்தில், பேசுகிறார்கள், கத்துகிறார்கள், ஓடுகிறார்கள். சாஹெய்ஜி மட்டும் அரை இடம் தள்ளி எடுக்கிறான். கேள்வி கேட்டவர் வாய் மூடியதும் உடனே பதில் வராது. ஒரு சின்ன மௌனம், அதற்குள் கண் ஒரு சுற்றுச் சுற்றும், பிறகு மொத்தப் பதிலும் ஒரே மூச்சில் கோர்வை போல வந்து சரியான இடத்தில் முடியும். இதைக் கேட்டுவிட்டீர்கள் என்றால் பிறகு அவரை எந்தப் படத்திலும் அடையாளம் கண்டுவிடலாம்.

இருமல் இன்னொரு தாளம். சாஹெய்ஜிக்கு நுரையீரல் நோய் முற்றியிருக்கிறது. மருந்துக்கும் கடல் காற்றுக்குமாகத்தான் அவன் ஷினாகாவாவிலேயே தங்க வந்தான் என்பது மெல்ல மெல்லத் தெரியும். யாருமில்லாத அறையில் அவன் முகம் தளரும் இடங்கள் இரண்டு மூன்று உண்டு. கலகலப்பான காட்சி முடிந்து கதவை இழுத்து மூடியதும் வரும் அந்த இருமல், அதுவரை சிரித்த சிரிப்பையெல்லாம் திருப்பிக் கணக்குப் போடவைக்கும். இந்த வேடத்துக்காகச் சக்காய்க்கு 1957இன் புளூ ரிப்பன் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 1999இல் கினெமா ஜுன்போ பத்திரிகை நடத்திய எல்லாக் காலத்துக்குமான ஜப்பானியப் படங்களின் தேர்தலில் இந்தப் படம் ஐந்தாவது இடம் பிடித்தது.

முடிவைப் பற்றி ஒரு செய்தி தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. கல்லறைகளுக்கு நடுவே சாஹெய்ஜி ஓடிப்போவதோடு படம் முடிகிறது. கவஷிமா நினைத்திருந்தது வேறு. சாஹெய்ஜி ஸ்டூடியோ செட்டைத் தாண்டி, கதவைத் திறந்துகொண்டு, 1957இன் ஷினாகாவா தெருவில் அதே கிமோனோவோடு ஓட வேண்டும் என்பது அவர் திட்டம். படக்குழு எதிர்த்தது. எதிர்த்தவர்களில் சக்காயும் ஒருவர், பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். படத்தின் தொடக்கத்தில் 1957இன் ஷினாகாவாவைக் காட்டுவது எதற்கு என்று இதைத் தெரிந்துகொண்டால்தான் முழுக்க விளங்கும். விபசாரத் தடைச் சட்டம் 1956இல் நிறைவேறி, 1958இல் முழுமையாக அமலுக்கு வந்த காலம் அது. விடுதிகளின் கடைசி நாள்களில் நின்றுகொண்டு ஒரு விடுதியின் பழங்கதையைச் சொல்கிறார்கள்.

சிங்கப்பூரில் ஓடவைப்பது

ப்ளூ-ரேக்கு உலகம் மூன்று மண்டலம்: ஏ, பி, சி. சிங்கப்பூர் ஏ மண்டலம். ஜப்பானும் அமெரிக்காவும்கூட ஏ. பிரிட்டன் பி. ஆகவே உள்ளூர்க் கடையில் வாங்கிய சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் யுரேகாவின் டிஸ்க்கைப் போட்டால் மண்டலம் பொருந்தவில்லை என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. டிஸ்க்கில் குறை எதுவும் இருக்காது. டிவிடிக்கு மண்டல எண் வேறு: சிங்கப்பூர் 3, பிரிட்டனும் ஜப்பானும் 2, அமெரிக்கா 1. எனவே பெட்டிக்குள் இருக்கும் டிவிடியும் உள்ளூர் பிளேயரில் ஓடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

வழி மூன்று. எல்லா மண்டலமும் ஓடும்படி மாற்றிய பிளேயர் ஒன்று. வாங்கும்போது டிவிடி மட்டுமா, ப்ளூ-ரேயுமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். 'மல்டி ரீஜன்' என்று விற்கும் பலவற்றில் டிவிடி பூட்டு மட்டும்தான் திறந்திருக்கும், ப்ளூ-ரே பூட்டு அப்படியே இருக்கும். பலர் ஏமாறுவது இந்த ஒரு இடத்தில்தான். இரண்டாவது வழி, பிரிட்டனில் விற்கும் சாதாரண பிளேயரையே தருவித்துக்கொள்வது. அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட், மூன்று முள் பிளக்கும் ஒன்றே. அப்படியே சொருகலாம். ஜப்பானிலிருந்து பிளேயர் கொண்டுவந்தால் அது 100 வோல்ட் கருவி. மின்னழுத்தத்தை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுவரில் சொருகினால் உள்ளே கருகிவிடும், வெறும் பிளக் அடாப்டர் அதைக் காப்பாற்றாது. மூன்றாவது வழி கணினியின் டிஸ்க் டிரைவ். டிவிடி மண்டலத்தை அதில் ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவதில் எது இருக்கிறதோ அதுவே நிரந்தரம். அவசரத்துக்கு மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள்.

பழைய உலகப் படங்களை இணையத்தில் காட்டும் கிரைட்டீரியன் சேனலில் தேடலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சேவை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும்தான். சிங்கப்பூர் ரசிகருக்கு டிஸ்க்தான் கதி.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள் விமானத்திலோ அஞ்சலிலோ வந்தாலும் 2023 முதல் ஜிஎஸ்டி உண்டு. பெரிய இணையக் கடைகள் பணம் கட்டும்போதே பிடித்துவிடும். பழைய பிரதி வாங்கினால் அட்டையின் பின்பக்கப் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். மண்டல எழுத்து அங்கே அச்சாகியிருக்கும். டிஸ்க்கின் அடிப்பக்கப் படமும் கேளுங்கள். வீட்டில் எரித்த நகல் என்றால் அடிப்பக்கத்தின் நிறமே காட்டிக் கொடுக்கும்.

பிளேயர் ஓடினால் வேலை முடிந்துவிடாது. தொலைக்காட்சியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், ஒவ்வொரு பிராண்டிலும் ஒவ்வொரு பெயர். அதை அணைத்துவிடுங்கள். இரண்டு சட்டகத்துக்கு (ஃபிரேமுக்கு) நடுவில் இல்லாத சட்டகத்தை அது தானே வரைந்து செருகும். ஹவோரி இறங்கும் காட்சியில் துணியின் ஓரம் பிசிறடிக்கும், சக்காயின் கை ரப்பர் போல வளையும். பிளேயரில் வினாடிக்கு 24 சட்டக வெளியீட்டை இயக்குங்கள். இல்லாவிட்டால் 60க்கு மாற்றும்போது ஒரு சட்டகம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று மாறி மாறி வரும். கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் படம் விக்கும். இடைவெளியை நம்பி நடிக்கும் ஒருவரை இப்படி விக்கவைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

படச் சட்டகம் பழைய, ஏறத்தாழ சதுர வடிவம். இடமும் வலமும் கறுப்புப் பட்டை இருக்க வேண்டும். திரையை நிரப்பும்படி இழுத்துவிட்டால் சக்காய் குண்டாகிவிடுவார், ஹவோரியின் கணக்கும் போய்விடும். ஒலி மோனோ. சவுண்ட்பாரில் சரவுண்ட் விளைவு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நேரடி ஸ்டீரியோவில் வையுங்கள். இருமல் அறையின் நான்கு மூலையிலிருந்தும் கேட்கக் கூடாது.

டிவிடியில்தான் பார்க்க வேண்டிய நிலை என்றால், அது ஐரோப்பிய பேல் முறை டிவிடியா என்று பாருங்கள். பேல் முறையில் வினாடிக்கு 24 சட்டகம் 25 ஆக ஓடும். 110 நிமிடப் படம் 105 நிமிடம் 36 வினாடியில் முடியும். குரலும் அரைச் சுருதிக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். பலருக்குத் தெரியாது. ஆனால் டிரம்மர் ஒருவரின் நகைச்சுவையில் நான்கு விழுக்காடு வேகம் பெரிய விஷயம்.

'மொத்ரா', 1961

தோஹோ நிறுவனத்துக்காக இஷிரோ ஹோண்டா இயக்கிய வண்ணப்படம். ராட்சத விட்டில் பூச்சி ஒன்று தோக்கியோவுக்கு வரும் கதை. சக்காய் இதில் ஃபுக்குடா என்ற செய்தியாளர். பிடித்தால் விடாத ஆள் என்பதால் ஆமையின் பெயரே அவருக்குப் பட்டப்பெயர். குட்டையும் குண்டுமான ஒருவரைச் சண்டைக்காட்சியில் கதாநாயகனாக நிறுத்திய துணிச்சலுக்காகவே இதைப் பார்க்கலாம். முஷ்டியை ஓங்கும் விதத்திலேயே சிரிப்பு இருக்கிறது. அதே ஆள் அணை உடையும் நேரத்தில் பாலத்துக்கு ஓடிக் குழந்தையைத் தூக்கும்போது சிரிப்பு நின்றுவிடும். ஒரே உடம்பு, ஒரே ஓட்டம், வேறு எடை.

சிங்கப்பூர் ரசிகருக்கு இதில் ஒரு தனிச் சுகம் உண்டு. ஒரு சாண் உயரத் தேவதைகளாக வரும் பீனட்ஸ் இரட்டைச் சகோதரிகள் மொத்ராவை அழைத்துப் பாடும் பாட்டு ஜப்பானிய மொழியில் இல்லை. காதைத் தீட்டிக் கேளுங்கள்: 'கெசாக்தியான்' என்று வரும். மலாய்தான், இந்தோனேசிய வழக்கு. அந்தச் சொல்லுக்கு நடுவில் நம் 'சக்தி' உட்கார்ந்திருக்கிறது. தோக்கியோவில் எடுத்த படத்தின் மந்திரப்பாட்டு, மலாய் தெரிந்த சிங்கப்பூர்த் தமிழருக்குச் சப்டைட்டில் இல்லாமலே புரிகிறது. உலகத்தில் இது வாய்த்த ரசிகர் கூட்டம் குறைவு.

டிஸ்க் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஜப்பானியப் பதிப்பு 101 நிமிடம். அமெரிக்கப் பதிப்பு ஏறத்தாழ பத்து நிமிடம் குறைவு, ஆங்கில டப்பிங் வேறு. டப்பிங்கில் சக்காயின் குரலே இல்லை. குரலை எடுத்துவிட்டால் அவரது தாளத்தில் பாதி போய்விட்டது. மில் க்ரீக் நிறுவனம் 2019இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஸ்டீல்புக் (உலோகப் பெட்டி) ப்ளூ-ரேயில் இரண்டு பதிப்பும் உண்டு. அமெரிக்க டிஸ்க் என்பதால் நம் மண்டலத்தோடு ஒத்துப்போகும். யுரேகாவும் 2020இல் வெளியிட்டது, ஆனால் அது பிரிட்டிஷ் டிஸ்க், மேலே சொன்ன பூட்டுச் சிக்கல் திரும்பவும் வரும். மெனுவில் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஜப்பானியதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பதற்கு மூன்றில் இது ஒன்றுதான் பொருத்தம்.

'ஷோகன்', 1980

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 1980 செப்டம்பர் 15 முதல் 19 வரை ஐந்து இரவுகளில் ஒளிபரப்பிய தொடர். பாரமவுண்ட் 2014இல் மூன்று டிஸ்க் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அமெரிக்கப் பதிப்பு ஏ மண்டலப் பிளேயருக்கு ஒத்துவரும். அதே தொடரின் அமெரிக்க டிவிடித் தொகுப்பு மண்டலம் 1. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால் உள்ளூர் பிளேயரில் படம் வராது.

இந்த டிஸ்க்கைப் பற்றி அதிகம் வரும் புகார், ஜப்பானிய வசனங்களுக்குச் சப்டைட்டில் இல்லை என்பது. அது குறைபாடு இல்லை. ஆங்கிலேய மாலுமியின் காதில் விழுவதுதான் பார்வையாளர் காதிலும் விழ வேண்டும் என்று எடுத்தவர்களே அப்படி வைத்தார்கள். தேவையான இடத்தில் ஆர்சன் வெல்ஸின் குரல் கதையை நகர்த்தும். அதனால் யாபுவாகச் சக்காய் பேசும் வசனம் ஏறக்குறைய எதுவும் புரியாது. புரியவும் வேண்டாம். குரல் எங்கே உயர்கிறது, எங்கே கரகரக்கிறது, தன் தலைவர் தொரானாகா முன்னால் தலை எவ்வளவு தாழ்கிறது, தாழ்ந்த தலைக்குள் கண் எந்தப் பக்கம் போகிறது, இவற்றை வைத்தே ஆள் முழுக்கப் பிடிபடுகிறான். தொரானாகாவாகத் தொஷிரோ மிஃபூனே மலை போல அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் சக்காயின் உடம்பு ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளை மட்டும் வசனத்தை மறந்து ஒருமுறை பாருங்கள். ஒருவர் சுருதி, ஒருவர் தாளம்.

அசானோவின் யாபுஷிகேயில் சலிப்பும் குறும்பும் முன்னால் நிற்கும். சக்காயின் யாபுவில் பசி முன்னால் நிற்கிறது. முதல் பகுதியில் வரும் சித்திரவதைக் காட்சியில் அவன் முகத்தில் இருக்கும் அந்த ரசனை, 'சாஹெய்ஜி இவர்தானா' என்று நடுங்கவைக்கும். எனவே 'பக்குமட்சு'வைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள், தலைகீழாக வேண்டாம். மற்றபடி இந்தத் தொடர் இன்றைக்குக் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கிறது. சக்காய்க்காகவும் மிஃபூனேவுக்காகவும் ஒன்பது மணி நேரம் செலவிடத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்.

கைக்கு எட்டாதவை

சக்காயைக் கனமான வேடங்களுக்கான நடிகராக ஜப்பான் முழுக்க ஏற்றுக்கொண்டது 'நான் ஒரு சிப்பியாக வேண்டும்' என்ற தொலைக்காட்சி நாடகத்தால். 1958 அக்டோபர் 31இல் இன்றைய டிபிஎஸ் நிறுவனத்தின் முன்னோடி நிலையம் ஒளிபரப்பியது. எழுதியவர் ஷினோபு ஹஷிமோத்தோ. அவரே 1959இல் சக்காயை வைத்துத் திரைப்படமாகவும் இயக்கினார். ஷிகோக்கு தீவில் முடிதிருத்தும் எளிய மனிதன் ஒருவனைப் படையில் சேர்க்கிறார்கள். பிடிபட்ட அமெரிக்க விமானியைக் குத்தும்படி மேலதிகாரி கட்டளை. கையைத்தான் காயப்படுத்துகிறான். போர் முடிந்ததும் கைதாகித் தூக்குமேடைக்குப் போகிறான். இன்னொரு பிறவி உண்டென்றால் கடலடியில் ஒரு சிப்பியாகப் பிறக்க வேண்டும் என்பது அவன் கடைசி ஆசை. அதுவரை ஆளைச் சிரிப்பு நடிகராகப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

சிங்கப்பூரில் இருந்து இதைப் பார்ப்பது அத்தனை எளிதில்லை. 1946 முதல் 1948 வரை பிரிட்டிஷார் இங்கே 131 போர்க்குற்ற வழக்குகளை நடத்தினார்கள். சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத தமிழர்களின் கதை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்த நினைவோடு பார்க்கிறவர், கட்டளைக்குக் கீழ்ப்படிந்த எளியவனுக்கு மட்டும் இத்தனை இரக்கமா என்று கேட்பார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை மறக்காமலே சக்காயின் நடிப்பை மதிக்க முடியும் என்பதுதான் எங்கள் நிலை. ஆங்கில சப்டைட்டிலோடு முறையான டிஸ்க்கைக் கண்டால் தயங்காமல் வாங்குங்கள்.

இன்னொன்று 'ஷராக்கு', 1995. ஷராக்கு என்பவர் 1794, 95இல் சுமார் பத்து மாதம் மட்டும் ஜப்பானின் மரபு நாடகமான கபுக்கியின் நடிகர்களை வரைந்துவிட்டுக் காணாமல் போன ஓவியர். அவரைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்பது கவஷிமாவின் கனவு, சக்காய்தான் ஓவியர். 1963 ஜூன் 11இல் 45 வயதில் கவஷிமா இறந்துவிட்டார். சக்காய் அந்தக் கனவை முப்பது ஆண்டுக்கு மேல் சுமந்தார், ஷராக்கு பற்றிச் சொந்தமாக ஆராய்ச்சியே செய்தார். கடைசியில் மசாஹிரோ ஷினோதா இயக்கத்தில் படம் வந்தபோது ஓவியராக நடிக்கும் வயதைக் கடந்திருந்தார். ஓவியரைக் கண்டெடுத்து அச்சிட்ட பதிப்பாளர் த்சுதாயா ஜூசாபுரோவாக நடித்தார். ஓவியராக நடித்தவர் ஹிரோயுக்கி சனாடா, 2024இன் தொரானாகா. படம் அந்த ஆண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. அடுத்த ஆண்டு, 1996 ஜூன் 10இல், 67 வயதில் சக்காய் காலமானார்.

இவை இரண்டையும் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பு வருமா என்று கவனித்துக்கொண்டே இருங்கள். கேனிங் ரைஸில் உள்ள ஓல்டம் திரையரங்கில் ஆசியத் திரைப்படக் காப்பகம் பழைய படங்களைத் திரையிடுகிறது. அதன் மாதாந்திர நிரலில் கவஷிமா பெயரோ ஹஷிமோத்தோ பெயரோ வந்தால் அன்றே நுழைவுச்சீட்டு எடுத்துவிடுங்கள்.

வாங்கிய டிஸ்க்கைப் பாதுகாப்பது பற்றியும் சொல்லிவிடுகிறோம். நம் ஊர் ஈரப்பதத்தில் டிஸ்க்கைவிட முதலில் கெடுவது உள்ளே இருக்கும் கையேடு. பூஞ்சை பிடித்துப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். கேமரா வைக்கும் டிரை பாக்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, நிறம் மாறியதும் பைகளை மாற்றுங்கள். சுவரோடு ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டு வேண்டாம். டிஸ்க்கில் மங்கல் தெரிந்தால் மெல்லிய பருத்தித் துணியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் திசையிலேயே விழும், பிளேயரால் அதைத் தாண்ட முடியாது. சரியாக ஹவோரி மேலே போகும் இடத்தில் படம் நின்றுவிடும்.